மணி மறக்கிற பெட்டி

பெட்டி ரிப்பேர் பார்க்கப் போறவன் எவனாவது ஞாயித்துக்கிழமை காலைல மூணு சட்டை மாத்துவானா? பிரேம் மாத்தினான். வெள்ளைச் சட்டை போட்டா மாப்பிள்ளை மாதிரி இருக்கு. கம்பெனிச் சட்டை போட்டா வேலையாள் மாதிரி இருக்கு. கட்டம் போட்டது பரவாயில்லைன்னு போட்டுக்கிட்டுக் கிளம்பி, பம்மல் மெயின் ரோட்டுல டீக்கடைக் கண்ணாடியில பார்த்தா காலர்ல சாயம் வெளுத்திருக்கு. போச்சுடா! திரும்பிப் போய் மாத்த நேரம் இல்லை. மல்டிமீட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்த பையைப் பெட்ரோல் டேங்க் மேல வச்சுக்கிட்டு, தாம்பரம் வரைக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே போனான். முன்னால வண்டியே இல்லாத இடத்துலயும் அடிச்சான்.

போற இடம் முடிச்சூர், கங்காதரன் வீடு. கங்காதரனோட சின்னப் பொண்ணு வெண்ணிலாவும் பிரேமும் திருமுடிவாக்கத்துல மோட்டாருக்குக் கன்ட்ரோல் பேனல் செய்யற ஒரே கம்பெனியில வேலை. அவன் வயரிங் சூப்பர்வைசர், அவ அக்கவுன்ட்ஸ். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பறது கம்பெனியில வாட்ச்மேன்ல இருந்து முதலாளி வரைக்கும் தெரியும். முடிச்சூர்ல மட்டும் யாருக்கும் தெரியாது. எப்படிச் சொல்றது? அவங்க அந்த ஊர்லயே பழைய குடும்பம், ஒரு காலத்துல ஏரிக்கரை வரைக்கும் நிலம் இருந்தவங்க. பிரேமோட அம்மா பச்சையம்மா கோவளத்துல இருந்து மீன் கூடையோட தாம்பரம் மார்க்கெட்டுக்கு வர்றவங்க.

இப்ப இந்தப் பெட்டி ரிப்பேர் எங்க இருந்து வந்துதுன்னு கேட்டா, அது ஒரு கூத்து. முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சாயந்தரம் காஞ்சிபுரத்துல இருந்து வெண்ணிலாவைப் பெண் பார்க்க வந்தாங்க. வந்த கூட்டத்துக்கு ஹால் பத்தாதுன்னு, கங்காதரன் ஆசை ஆசையா வளர்க்கிற புல்தரையில நாற்காலி போட்டாங்க. அந்தப் புல்லுக்குத் தண்ணி விட ஒரு பெட்டி இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கிற மூத்த மாப்பிள்ளை கொண்டாந்து மாட்டிட்டுப் போனது. விடியக்காலைல அஞ்சு மணிக்கு அதுவே மோட்டாரைப் போடும். தரைக்குள்ள புதைச்சிருக்கிற குழாயெல்லாம் தலையைத் தூக்கிச் சுத்திச் சுத்தித் தண்ணி அடிக்கும். முடிஞ்சதும் அதுவே நிறுத்திக்கும். அன்னிக்கு என்ன ஆச்சோ, விடியக்காலைல அடிக்க வேண்டியது சாயந்தரம் அஞ்சு மணிக்கு அடிச்சுது. பையனோட அம்மா அரக்குப் பட்டுல உட்கார்ந்து, முதல் வாய் கேசரியை எடுத்து வைக்கிற நேரம்.

பட்டு, பூ, தட்டுல இருந்த வெத்தலை, எல்லாம் ஊறிப்போச்சு. ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தார். அபசகுனம்னு யாரோ முணுமுணுத்தாங்க. பையனோட அம்மா மட்டும் முந்தானையைப் பிழிஞ்சுக்கிட்டே, "சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல, இது உங்க பொண்ணு பண்ண வேலை"ன்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாங்க.

கங்காதரனுக்கு அது சுருக்குன்னு தைச்சுடுச்சு. ஏன்னா, அன்னிக்குக் காலைலதான் வெண்ணிலா இந்த இடம் வேணாம்னு அழுதிருந்தா. அதோட, வந்தவங்க உட்கார்ந்த நேரத்துல கொல்லைப் பக்கம் மோட்டார் ரூம் குழாயில போய் முகம் கழுவிட்டு வந்தா. வேற சாட்சி எதுக்கு? "நான் தொடவே இல்லப்பா"ன்னு அவ சொன்னது அவர் காதுலயே ஏறல. அன்னிக்கே பெட்டியோட பிளக்கைப் பிடுங்கி எறிஞ்சார். அன்னியில இருந்து பொண்ணுகிட்ட பேச்சும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தா, "அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு"ன்னு பொண்டாட்டிகிட்ட சொல்வாராம். பொண்ணு எதிர்லயே உட்கார்ந்திருக்கும்.

பெட்டியைப் பார்க்க ஆள் தேடறார்னு தெரிஞ்சதும், எங்க கம்பெனியில ஒருத்தர் இருக்கார்னு வெண்ணிலா அம்மா மூலமா சொல்லிவிட்டா. பிரேமுக்குப் போன் பண்ணி, "நம்ம கல்யாணம் கூட அப்புறம். முதல்ல நான் பொய் சொல்லலன்னு எங்கப்பாவுக்குத் தெரியணும். என்னால தாங்க முடியல"ன்னா. அதுக்குத்தான் மூணு சட்டை, அத்தனை ஹாரன்.

கங்காதரன் கேட்டுலயே நின்னுக்கிட்டிருந்தார். கைலி, பனியன், தோள்ல துண்டு.

"நீதான் அந்தப் பேனல் தம்பியா?"

"ஆமா சார். பிரேம்."

"வண்டிய உள்ள போடு. புல்லு மேல மெதிச்சுகினு வராத. தோ, ஓரமா கல்லு போட்டுகீது பாரு, அது மேல வா."

கல்லு கல்லா தாண்டி அவர் பின்னால போனான். மோட்டார் ரூம் வாசல்ல அவர் நின்னு திரும்பினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்தத் தெருவுல கீற எலக்ட்ரீஷியனுங்க எல்லாம் எம்பொண்ண சின்னதுல இருந்து பார்த்தவனுங்கோ. அவளுக்குச் சாதகமா ஏதாவது சொல்லி வுட்டுடுவானுங்கோ. நீ வெளியாளு. உனக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. உள்ளத உள்ளபடி சொல்லணும். பெட்டி தானா போட்டுச்சா, இல்ல கை போட்டுச்சா?"

லாபமும் இல்ல நஷ்டமும் இல்லையாம். பிரேமுக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்குது.

இதுல இன்னொரு வெட்கக்கேடும் இருந்துது. அவனுக்கே சந்தேகம். வெண்ணிலா பிடிவாதக்காரி. மனசு வச்சா செய்யக்கூடியவதான். ராத்திரி பூரா அது அவனை அரிச்சுக்கிட்டே இருந்துது. பெட்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு தெரிஞ்சா என்ன பண்றது? அவருக்கு என்ன சொல்றது, அவகிட்ட எந்த மூஞ்சியோட பேசறது?

பிளக்கைச் சொருகினான். சின்னத் திரையில பன்னெண்டு மணின்னு காட்டி, விட்டு விட்டு மின்னிச்சு. நேரத்தைச் சரியா வச்சான். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினான். மறுபடியும் பன்னெண்டு, மறுபடியும் மின்னல். கரண்ட் போனா நேரத்தை ஞாபகம் வச்சுக்கத்தான் உள்ள ஒரு சதுர பேட்டரி இருக்கு. அது செத்திருக்கணும். கழட்டி, மீட்டர் எடுக்கிற பொறுமை கூட இல்லாம, அதோட ரெண்டு முனையையும் பார்க்காமலே நாக்கு நுனியில ஒத்தினான்.

"ஐயய்யோ! அத்த ஏன் நக்கறான் அந்தப் புள்ள?"ன்னு சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து ஒரு குரல். வெண்ணிலாவோட அம்மா செல்வம்மாள்.

நாக்குல ஒண்ணும் ஏறல. சரி, செத்த பேட்டரிதான்னு நினைச்சான். சந்தேகத்துக்கு மீட்டர் முள்ளை அழுத்திக் குத்தினான் பாருங்க, ஒன்பது வோல்ட் முழுசா காட்டுது! புது பேட்டரி. அப்ப ஏன் நாக்குல சுருக்குன்னு இல்லை? வெளிச்சத்துல பிடிச்சான். பேட்டரித் தலையில இருந்த ரெண்டு முனையிலயும் மஞ்சளா ஏதோ காய்ஞ்சு பொருக்குத் தட்டியிருக்கு. அதுக்கு நடுவுல சிவப்பா ஒரு புள்ளி. மோந்து பார்த்தான். சந்தனம்.

"சார், இந்த பேட்டரி எப்ப போட்டது?"

"ஆயுத பூஜைக்கு. பூஜைக்குப் பழச வச்சிகினு இருப்பாங்களா? நானே புதுசு வாங்கிப் பொட்டு வச்சுப் போட்டேன். பெட்டிக்குத் தனியா, பேட்டரிக்குத் தனியா."

ஆயுத பூஜைன்னா நம்ம பக்கத்துல பொட்டு வாங்காத பொருள் ஏது? மிக்சிக்கு, தையல் மெஷினுக்கு, பைக்குக்கு, டிவி ரிமோட்டுக்கு. எல்லாரும் மேல வைப்பாங்க. இந்த மனுஷன் பக்தி முத்திப்போய்க் கரெக்டா ரெண்டு முனையிலயும் வச்சு, அது மேலயே கிளிப்பை அழுத்தி மூடியிருக்கார். சந்தனம் காய்ஞ்சதும் தொடர்பு போச்சு. பேட்டரி உள்ள இருந்தும் இல்லாத கணக்கு. கரண்ட் போகும்போதெல்லாம் பெட்டிக்கு மணி மறந்துடும். வர்ற நேரத்தை ராத்திரி பன்னெண்டுன்னு நினைச்சுக்கும். அந்த வெள்ளிக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் பவர் கட். மதியம் பன்னெண்டுக்குக் கரண்ட் வந்துது. பெட்டிக்கு அது நடு ராத்திரி. அப்புறம் அதோட விடியக்காலை அஞ்சு எப்ப வரும்? ஊருக்குச் சாயந்தரம் அஞ்சு ஆகும்போதுதான் வரும்.

பிரேமுக்கு நெஞ்சுல இருந்து பாறாங்கல்லை எடுத்த மாதிரி ஆயிடுச்சு. அவ தொடல! அங்கயே நின்னு சிரிக்கணும் போல இருந்துது. வாயைத் திறக்கப் போறான், கங்காதரன் முந்திக்கிட்டார்.

"பெட்டி மேலதான் தப்புன்னு மட்டும் நீ சொல்லிட்டேன்னு வச்சுக்க, இன்னிக்கே காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டுடுவேன். அந்தப் பையன் தங்கமான பையன். பொண்ணு மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கே தட்டோட வந்துடுவாங்கோ."

பிரேம் வாயை மூடிக்கிட்டான்.

உள்ள டெலிபோன் அடிச்சுது. கங்காதரன் போனார். அவர் தலை மறைஞ்சதும் வெண்ணிலா கறிவேப்பிலை பறிக்கிற சாக்குல வந்தா. கண்ணுக்குக் கீழ கறுத்திருந்துது.

"என்ன? சொல்லு."

அவன் பேட்டரியைக் காட்டினான். ரெண்டு வரியில சொன்னான். அவளுக்குச் சட்டுன்னு புரிஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டா. சிரிப்பா அழுகையான்னு தெரியல.

"வெண்ணிலா, இதை இப்பவே துடைச்சிட்டா முடிஞ்சுது"ன்னான் அவன் அவசர அவசரமா. "பெட்டி ஒழுங்கா ஓடும். கோளாறு ஒண்ணும் இல்ல சார்னு சொல்லிட்டுப் போயிடறேன். காஞ்சிபுரம் அத்தோட போயிடும்."

"அப்ப நான் பொய் சொன்னவளாவே இருக்கணுமா?"

"கொஞ்ச நாள்தான். அப்புறம் சரியாயிடும்."

"எது சரியாகும்? எங்கப்பா சாகற வரைக்கும் இவ நம்மளை ஊர் முன்னால நனைச்சவன்னு நினைச்சுக்கிட்டே இருக்கணும். அப்படியா?" அவ அவன் முகத்தையே பார்த்தா. "நீ வர்றப்ப நம்பினியா, நான் தொடலன்னு?"

நம்பினேன்னு சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி அவன் தடுமாறிட்டான். போதாதா? கறிவேப்பிலையைக் கொத்தா ஒடிச்சுக்கிட்டு, "நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு அவ உள்ள போயிட்டா.

மோட்டார் ரூம்ல அவன் இங்கயும் அங்கயும் நடந்தான். நடக்க இடமே இல்லாத ரூம். கட்டைவிரல் நகம் சந்தனத்து மேலயே இருந்துது. ஒரு சுரண்டு சுரண்டினா உதிர்ந்துடும். கங்காதரன் திரும்பி வர்ற செருப்புச் சத்தம் கேட்டுது. பேட்டரியை அப்படியே கிளிப்புல மாட்டினான்.

"சார், பெட்டி தானாத்தான் போட்டிருக்கு. உங்க பொண்ணு தொடல."

காரணத்தைச் சொன்னதும் கங்காதரனுக்கு முகம் சிவந்துடுச்சு. "இன்னா தம்பி, சாமி மேல பழி போடற? நெல்லு மெஷின் வச்சிருந்த காலத்துல இருந்து பொட்டு வைக்கிறேன். எது நின்னுபோச்சு? அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல சார். நீங்களே பாருங்க." பிளக்கைப் பிடுங்கிச் சொருகிக் காட்டினான். பன்னெண்டு மணி மின்னுது.

"மின்னினா? மின்னிச்சுன்னா அஞ்சு மணிக்குத் தண்ணி அடிச்சுடுமா? அன்னிக்கு எப்பிடி நடந்துதோ அப்பிடியே இன்னிக்கும் நடக்கட்டும். கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

"ஞாயித்துக்கிழமை கட் கிடையாதே சார்."

"இல்லன்னா இன்னா? நான் பண்றேன் கட்டு!"

பண்ணினார் ஐயா. பத்து மணிக்கு மெயின் சுவிட்சை அவரே இறக்கினார். ஃபேன் நின்னுது, டிவி நின்னுது, அரைகுறையா அரைபட்ட தேங்காயோட மிக்சி நின்னுது. "ஈபிகாரன் குடுக்கற கட்டு பத்தலன்னு வூட்டுக்குள்ள ஒரு ஈபியா?"ன்னு செல்வம்மாள் கத்தினாங்க. அவர் அசையல. பன்னெண்டு மணி வரைக்கும் மெயின் போர்டுக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதியம் பன்னெண்டுக்கு ஏத்தினார். ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாங்க. பன்னெண்டு மின்னிச்சு. அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு நிமிஷம் ஓட ஆரம்பிச்சுது.

"இனிமே யாரும் கிட்ட போவக்கூடாது"ன்னு சொல்லி மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டார். "தம்பி, நீயும் போவக்கூடாது. அஞ்சு மணி வரைக்கும் இங்கியே இரு."

சாப்பாட்டுக்குச் செல்வம்மாள் கூப்பிட்டாங்க. சங்கரா மீன் குழம்பு. பிரேம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான், வாய்க்குப் போகல. வெண்ணிலா பரிமாறினா, முகம் பார்க்கல.

"சாப்புடு தம்பி. மார்க்கெட்டுல பச்சையம்மான்னு ஒரு அம்மா. அதுகிட்டதான் வாங்குவேன். ஐஸ் மீனைத் தலையில கட்டாது."

மறைக்கணும்னு நினைச்சான். காலைல இருந்து மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு அவனுக்கு. "எங்கம்மாதாங்க அது."

செல்வம்மாள் கையில கரண்டி நின்னுது. அவனைப் பார்த்தாங்க, பொண்ணைப் பார்த்தாங்க. பொண்ணு கழுத்து வரைக்கும் சிவந்து நின்னா. அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிடுச்சு. "அதுசரி, ஆயுத பூஜைக்கு அப்பால ரெண்டு நாளு மத்தியானத்துல புல்லு ஈரமா கெடந்துது. இவ வுட்டான்னு நெனச்சுகினேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, அவன் தட்டுல இன்னொரு துண்டு மீன் வச்சாங்க.

மூணு மணி இருக்கும். ஃபேன் சத்தம் மாறிச்சு. சுத்தறது கண்ணுக்குத் தெரியற அளவுக்கு மெதுவாச்சு. டியூப் லைட் துடிக்குது. வோல்டேஜ் விழுந்துடுச்சு.

"இந்தப் பேஜார் வேற"ன்னு கங்காதரன் எழுந்தார். மூணு ஃபேஸ், அதாவது மூணு லைன்ல கரண்ட் வர்ற வீடு. ஒண்ணுல வோல்டேஜ் விழுந்தா, மெயின் போர்டுல இருக்கிற கைப்பிடியைத் திருப்பி இன்னொண்ணுக்கு மாத்திக்கிறது தாம்பரம் பக்கத்துல வீட்டுக்கு வீடு பழக்கம். தூக்கத்துல கூட செய்வாங்க. அவரும் யோசிக்காம போய்க் கைப்பிடியில கை வச்சார்.

பிரேம் பார்த்துக்கிட்டே இருந்தான். கைப்பிடி திரும்பற அந்த நொடியில கரண்ட் போயிட்டு வரும். பெட்டிக்கு மறுபடியும் நடு ராத்திரி ஆயிடும். அப்புறம் அஞ்சு மணிக்கு ஒண்ணும் நடக்காது. மனுஷன் எழுந்து போயிடுவார், காஞ்சிபுரமும் தொலைஞ்சுது. இவன் எதுவும் செய்ய வேணாம். பொய் கூடச் சொல்ல வேணாம். வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதும். சாமியே பார்த்து வழி விட்ட மாதிரி இருந்துது. ஹால் கடைசியில வெண்ணிலா நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கும் புரிஞ்சிருக்கணும். அவனையே பார்த்தா.

"கையை எடுங்க!"

அவன் குரல் அவனுக்கே பயமா இருந்துது. கங்காதரன் கை அப்படியே நின்னுது. அவர் வீட்டுல அவரை அப்படி யாரும் அதட்டினதே இல்லை.

"இன்னா சொன்ன?"

"ஃபேஸ் மாத்தாதீங்க சார். மாத்தினா பெட்டி மறுபடியும் மணி மறந்துடும். காலைல இருந்து உட்கார்ந்தது வீணாயிடும். அஞ்சு மணி வரைக்கும் பொறுத்துக்கங்க."

அவர் கொஞ்ச நேரம் முறைச்சார். அப்புறம் கையை எடுத்து, துண்டால விசிறிக்கிட்டே போய் உட்கார்ந்தார். புழுக்கம் தாங்கல. வோல்டேஜ் இப்படியே கிடந்தா அஞ்சு மணிக்கு மோட்டார் ஓடுமான்னு பிரேமுக்குப் புதுசா ஒரு கவலை பிடிச்சுது. வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தான். தண்ணி குடிச்சான், திரும்பக் குடிச்சான். நாலு மணிக்கு மேல ஃபேன் பழையபடி வேகம் பிடிச்சப்ப, சந்தோஷப்படறதா அழறதான்னு அவனுக்கே தெரியல. இருக்கிற ஒரு வழியையும் தன் வாயாலயே அடைச்சுட்டு, அது நல்லா அடைபட்டுச்சான்னு காவல் காத்துக்கிட்டிருந்தான்.

அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால கங்காதரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் புல்தரை நடுவுல போட்டார். பையனோட அம்மா உட்கார்ந்த அதே இடம். உட்கார்ந்து கால் மேல கால் போட்டுக்கிட்டார்.

"என்னாங்க, நனைஞ்சுடப் போறீங்கோ!"

"நனைஞ்சா நம்பறேன். எல்லாரும் தோ இங்க என் கண்ணு முன்னால நில்லுங்கோ. யாரும் பின்னால போவாதீங்கோ."

வெண்ணிலா, செல்வம்மாள், பிரேம் மூணு பேரும் வராந்தாவுல வரிசையா நின்னாங்க. ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒண்ணு தலைக்கு மேல உறுமிட்டுப் போச்சு. அது போனதும் ஒரே அமைதி. கங்காதரன் வாட்சைப் பார்த்தார். பொண்ணைப் பார்த்தார். உதட்டைச் சுழிச்சு, "எங்க?"ன்னார்.

பூட்டின மோட்டார் ரூமுக்குள்ள மோட்டார் முனகி எழுந்துது. புல்லுக்குள்ள இருந்து குழாயெல்லாம் தலையைத் தூக்கிச்சு. முதல் வீச்சு அவர் முகத்துலயே விழுந்துது, அடுத்தது முதுகுல. பனியன் உடம்போட ஒட்டிக்கிச்சு. மனுஷன் எழுந்திருக்கல. சுத்திச் சுத்தி அடிக்கிற தண்ணியில, கால் மேல போட்ட காலைக் கூட எடுக்காம உட்கார்ந்திருந்தார். தண்ணி நின்ன பிறகும் அப்படியே இருந்தார். மூக்கு நுனியில இருந்து சொட்டுது.

"வெண்ணிலா"ன்னார். ஒன்பது நாள் கழிச்சு வாயில வர்ற பேர்.

அவ துண்டை எடுத்துக்கிட்டு ஓடினா. அவர் துண்டை வாங்கல, அவ கையைப் பிடிச்சுக்கிட்டார். "நான் வச்ச சந்தனம்மா. உன்னப் போய்ப் பொய் சொல்றேன்னு சொல்லிட்டேனே கண்ணு. எத்தினி தபா சொன்ன நீ." அவர் அழுதாரா, தண்ணி வழிஞ்சுதான்னு சொல்ல முடியாது. அவ அழுதா. அது நல்லாவே தெரிஞ்சுது.

கொஞ்ச நேரம் கழிச்சு அவர் மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுந்தார். முகத்துல ஒரு தெளிவு. "செல்வம், என் செல்போனை எடு. காஞ்சிபுரத்துக்கு இப்பவே சொல்லிடறேன்."

பிரேம் வராந்தாத் தூணைப் பிடிச்சுக்கிட்டான்.

"ஞாயித்துக்கிழமை இந்நேரம் ராகு காலம்"னாங்க செல்வம்மாள், போனை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு. "நல்ல விஷயம் பேசறதுன்னா ஆறு மணிக்கு மேல பேசுங்கோ."

ராகு காலத்துல அவர் போன் போட மாட்டார். ஈரத் துணியோட வராந்தாவுல உட்கார்ந்தார். சாவியைப் பிரேம்கிட்ட குடுத்து, "பேட்டரியத் துடைச்சுப் போட்டுடு தம்பி"ன்னார். அவன் பேட்டரியைக் கழட்டிக் கொண்டாந்து படியில உட்கார்ந்து சுரண்டினான். சந்தனம் பொடிப்பொடியா உதிர்ந்து பேன்ட் மேல விழுந்துது.

வெண்ணிலா அப்பாவுக்கு எதிர்ல வந்து நின்னா.

"அப்பா, இனிமே நான் சொன்னா நம்புவியா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கற? நம்பாம?"

"தண்ணியை நான் திறக்கல. ஆனா அன்னிக்கு அது அடிச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துது. அதுவும் நிஜம். எனக்கு அந்தப் பையன் வேணாம்பா. எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு. கல்யாணம்னா இவரோடதான்."

கங்காதரன் பிரேமைப் பார்த்தார். காலைல இருந்து பார்த்த ஆளை முதல் தடவையாப் பார்க்கிற மாதிரி பார்த்தார். செல்வம்மாள் குறுக்கே வந்து, "நம்ம மீன்காரம்மா பச்சையம்மா மவன். எனக்கு மத்தியானமே தெரியும்"னாங்க.

"ஏன்டா"ன்னார் பிரேமைப் பார்த்து, "மூணு மணிக்கு நான் ஃபேஸ் மாத்தியிருந்தா உனக்கு நல்லதுதானே? பேசாம இருந்திருக்கலாமே. ஏன் கத்தினே?"

பிரேம் எழுந்து நின்னான். "இவ பொய் சொன்னான்னு ஆயிடும் சார். காலைல நானே இவளைக் கொஞ்சம் சந்தேகப்பட்டுட்டேன். அதோட அதுவும் சேர்ந்தா இவளுக்குத் தாங்காது."

தெருவுல பஜ்ஜிக்காரன் மணி அடிச்சுக்கிட்டுப் போனான். பிரேமுக்கு உட்காரவும் முடியல, நிக்கவும் முடியல. துடைச்ச பேட்டரியையே துடைச்சுக்கிட்டிருந்தான். கங்காதரன் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வெண்ணிலா நின்ன இடத்தை விட்டு நகரல.

ஆறு மணி அடிச்சதும் அவர் கையை நீட்டினார். செல்வம்மாள் தயங்கித் தயங்கிப் போனைக் குடுத்தாங்க. நம்பரை அழுத்தினார்.

"அம்மா, முடிச்சூர் கங்காதரன் பேசறேன். அன்னிக்குத் தண்ணி வுட்டது எம்பொண்ணு இல்லீங்கோ. பெட்டிதான். பேட்டரில நான் சந்தனம் வச்சுக் கெடுத்துட்டேன், தப்பு எம்மேல… இருங்கோ, இருங்கோ. நீங்க கெளம்பி வர வேணாம். அவளுக்கு இதுல இஷ்டம் இல்லீங்களாம்… இல்லீங்கோ, யாரும் சொல்லிக் குடுக்கல. அவளே சொன்னா. எம்பொண்ணு சொன்னா அது நிஜமாத்தான் இருக்கும்."

அந்தப் பக்கம் பதில் வர்றதுக்குள்ள வச்சுட்டார்.